ஃபிரிட்ஜ் ரப்பர் போட்ட சிவப்பு வண்டி

மாமே,

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை அம்பத்தூரில் ஒரு கடையில், நாலு பேர் பார்க்க, ஒரு ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன்.

அழ வேண்டும் என்று திட்டம் போட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் உயிரை விட்டுவிட்டது. புதிது பார்க்கலாம் என்று என் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயம் ஃபிரிட்ஜ் கதவு ரப்பர்தான் என்று உனக்கே தெரியும். இருபத்தாறு வருடமாக இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அதைத்தான் அளந்து, வெட்டி, மூலை ஒட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெருமையைக் கடைக்காரரிடம் காட்டாமல் இருக்க முடியுமா? கதவைத் திறந்தேன். ரப்பரின் உதட்டை மடக்கிப் பார்த்தேன். பெரிய நிபுணன் மாதிரி குனிந்து முகர்ந்தும் பார்த்தேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. புது ரப்பரின் வாசனை ஏறியதும் உன் சிவப்பு வண்டியின் கதவோரம் அப்படியே வந்து நின்றது. உன் சட்டையில் எப்போதும் இருக்கும் அத்தர், தையல் மெஷின் எண்ணெய், பழைய ரெக்சின், எல்லாம் வந்தது. கண் தளும்பிவிட்டது. மறைக்க வேறு இடம் இல்லாததால் தலையை உள்ளே விட்டேன்.

"ஏங்க, வெளிய வாங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் மனைவி.

"கூலிங் செக் பண்றேன்" என்று காய்கறித் தட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"சார், அது இன்னும் பிளக்கே போடல சார்" என்றார் கடைக்காரர்.

இதைக் கேட்டு நீ எப்படிச் சிரித்திருப்பாய் என்று நினைத்தேன். சொல்ல ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். உன் வீட்டு முகவரிக்குத் தபாலில் போட்டால் உன் வீட்டம்மா, அதான் தங்கச்சி, வாங்கிப் படித்துவிட்டுத் திட்டும். எனவே என் மேஜை இழுப்பறைக்குத்தான் போகப்போகிறது.

பூந்தமல்லியில் சீட் உறை தைக்கிற கடைக்காரர்கள் எத்தனையோ பேர். ஆனால் சீட்டுக்கு உறை தைக்கப் போன பங்களாவிலிருந்து சீட்டோடு சேர்த்து வண்டியையும் கொண்டு வந்தவன் நீ ஒருவன்தான். அந்தப் பங்களாவின் பெரியவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். "'இத எடுத்துகினு போறியா பாய்'னு கேட்டாங்க, மாமே, வேணாம்னு சொல்ல நாக்கு வரல" என்று என்னிடம் சொன்னாய். லாரியில் ஏற்றிக் கயிறு கட்டிக் கொண்டு வந்து, கரையான்சாவடியில் உன் வீட்டுப் பக்கவாட்டுத் தகரக் கொட்டகையில் இறக்கினாய். பழைய வெளிநாட்டுக் கார். இரண்டே சீட்டு. மடக்குகிற துணிக்கூரை. முதலை மாதிரி நீண்ட மூக்கு. சிவப்பு என்பது உன் வாக்குமூலம். நான் பார்த்தபோது பாதி வண்டி துருவின் நிறம்.

தங்கச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டது: "ரெண்டு சீட்டுதானா? புள்ளைங்கள எங்க உக்கார வைக்கிறது?"

"அதுங்க பஸ்ல வரட்டும்" என்றாய்.

ஒரு வாரம் உனக்கு அந்த வீட்டில் டீ கிடைக்கவில்லை. எனக்கு மட்டும் கிடைத்தது. நான் அதைக் கொட்டகைக்குக் கொண்டு வந்து உனக்குப் பாதி ஊற்றியது தங்கச்சிக்கு இன்றுவரை தெரியாது. (தெரியும் என்று நினைக்கிறேன். டம்ளர் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.)

எங்கள் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. நீ ஜும்மா தொழுகை முடித்து வருவாய். நான் அண்ணனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். வலது சீட்டில் நீ, இடது சீட்டில் நான், நடுவில் பிரியாணிப் பொட்டலம். எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். அந்த இரண்டு சீட்டில் உட்கார்ந்து நாம் பேசாத ஊர்வம்பு உண்டா? ஆவடியிலிருந்து ஐயப்பன்தாங்கல் வரை யார் வீட்டில் சண்டை, யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள், எந்தக் கடைக்காரர் இரண்டாவது குடும்பம் வைத்திருக்கிறார், எல்லாம் நம் வண்டிக்குள்தான் பைசல் ஆகும். நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசுவாய். கோபம் வந்தால் அதன் நடுவில் ஒரு குத்து.

எல்லா வெள்ளியும் அப்படி இல்லை. என் அப்பா போன மறுவாரம் வந்தேன். வழியெல்லாம் துக்கம் கேட்டவர்களைக்கூட ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வந்தேன். எனக்கு அதுதானே வியாதி. உன் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் வாய் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. நீயும் கேட்கவில்லை. "சீட்ட பின்னால சாச்சிக்கோ" என்று மட்டும் சொன்னாய். நான் யாரையும் சிரிக்க வைக்க வேண்டாத ஒரே இடம் அந்த இடது சீட்டுதான், மாமே. அதற்குப் பிறகு அப்படி ஒரு இடம் எனக்கு அமையவில்லை.

மழை வந்தால் மட்டும் வண்டிக்குள் தண்ணீர் நிற்கும். கொட்டகை பேருக்குத்தான் கொட்டகை. தகரத்தில் பாதி ஆடி மாதக் காற்றோடு போய்விட்டது. கூரைத் துணியை நீயே தைத்திருந்தாய். அதன் மேல் ஒரு குறையும் சொல்லவிடமாட்டாய். ஆகவே பழி கதவின் மேல் விழுந்தது. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் அப்பளம் மாதிரி உடைந்து உதிர்ந்திருந்தது.

"மேல கூரை என் வேலை. கதவு உன் டிபார்ட்மென்ட்டு" என்றாய். "ரப்பர் கம்பெனில தானே கீறே? ஃப்ரெண்டு வண்டிக்கு ஒரு ரப்பர் போட வக்கு இல்லியா உனக்கு?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எங்களிடம் ஃபிரிட்ஜைத் தவிர வேறு எதற்கும் அச்சு இல்லை. என் வாய்தான் சும்மா இருக்காதே. "வெளிநாட்டு அளவு மாமே, தனியா அச்சு செஞ்சு வரணும். அடுத்த வாரம்" என்றேன். ஒரு வருடம் முழுக்க அடுத்த வாரம் சொன்னேன். பிறகு கூச்சம் தாங்காமல், கறுப்பு நிறத்தில் வந்த ஒரு லாட்டிலிருந்து ஃபிரிட்ஜ் ரப்பர் இரண்டு எடுத்து, கதவு அளவுக்கு ஒட்டுப்போட்டு, பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டு வந்து, "இம்போர்ட்டட்" என்றேன்.

நீ அதைக் கதவில் ஒட்டி, ஒன்பது தடவை திறந்து மூடினாய். 'டப்' என்று மெத்தென்ற ஒரு சத்தம். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"எங்க ஊட்டு ஃபிரிட்ஜ் மாதிரியே சத்தம் வருதே" என்றது தங்கச்சி, ஜன்னலிலிருந்து.

நான் வானத்தைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அது நடந்தது. கடையிலிருந்து நேராக வந்த நீ, கையிலிருந்த பெரிய கத்திரிக்கோலைக் கதவோரம் வைத்துவிட்டு ஏறினாய். அது கீழே விழவில்லை. ரப்பரோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஃபிரிட்ஜ் ரப்பருக்குள் காந்தப் பட்டை இருக்கும் என்பது எனக்குத் தெரியும். உனக்கும் அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. நீ கத்திரிக்கோலைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். மறுபடி கத்திரிக்கோலைப் பார்த்தாய்.

"வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான் மாமே. கத்திரிக்கோலு மாட்டக்கூட எடம் உட்டுக்கீறான் பாரேன்."

அவ்வளவுதான் சொன்னாய். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதை அங்கேதான் மாட்டினாய். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சீமை ரப்பர் என்று பெருமை பேசினாய். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பொய் சொன்னவனைக் காப்பாற்ற அதைவிடப் பெரிய பொய் சொன்ன ஆள் என் வாழ்க்கையில் நீ ஒருவன்தான்.

அந்த மழைக்கும் தண்ணீர் வந்தது. நீ டீ டம்ளரால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே சொன்னாய்: "ஒரு தபா ஒழுங்கான ரப்பர் போடு மாமே. மழ பேஞ்சிகினு இருக்கணும், உள்ள காஞ்ச காருல காலு நீட்டி உக்காரணும். அவ்ளோதான் என் ஆசை."

"அடுத்த வாரம்" என்றேன். ஐந்து வருடம் சொன்னேன்.

கத்திரி வெயிலில், கடையில், ஒரு வேன் சீட்டின் மேல் குனிந்தபடியே போய்விட்டாய். தங்கச்சி போன் செய்தபோது நான் கம்பெனியில் மூலை ஒட்டிக்கொண்டிருந்தேன். பருத்திப்பட்டு நெரிசலில் பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி வெள்ளைத்துணி சுற்றி முடித்திருந்தார்கள். மூன்று பிடி மண் போட்டேன். பள்ளிவாசல் வாசலில் என் செருப்பைக் காணோம். யாருடையதையோ மாட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு நம்பர் சின்னது. காலைக் கடித்தது. கடிக்கட்டும் என்று பஸ் ஏறாமல் நடந்தே போனேன்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வந்து கொட்டகையில் நின்றுவிட்டுப் போவேன். ஏறி உட்காரத் தைரியம் வரவில்லை. ஆவணியில் ஒரு திடீர் மழை பெய்தது. அதற்கு அடுத்த வாரம் முனிசிபாலிட்டியிலிருந்து கொசு ஒழிப்புக்கு வந்த அம்மா, கையில் தண்ணீர் மொண்டு பார்க்கிற கரண்டியோடு உன் வண்டிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அலறியிருக்கிறாள். நீ கால் நீட்டும் இடத்தில் தண்ணீர். தண்ணீரில் புழு.

"நோட்டீஸ் குடுப்பேன்னு சொல்றாங்கண்ணே" என்றது தங்கச்சி. "அது பரவால்ல. சீட்டப் பாத்தீங்களா? அவுங்க உக்காந்து உக்காந்து உழுந்த பள்ளம் அப்டியே கீது. அதுங்கிட்டயே தண்ணி வந்து நிக்குது. என்னால பாக்க முடியல. ஐப்பசி மழைக்கும் தண்ணி நின்னுச்சுன்னா, காயலாங்கடைக்காரன இட்டுகினு வந்து எடுத்துகினு போவச் சொல்லிடுவேன்."

"நிக்காது. நான் ரப்பர் மாத்துறேன்."

"அடுத்த வாரம்னு மட்டும் சொல்லாதீங்க."

சொல்லவில்லை மாமே. மறுநாளே லீவு போட்டேன். எஸ்டேட்டில் பஸ் கதவுக்கு ரப்பர் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் கம்பெனியிலிருந்து நாலு கட்டடம் தள்ளி. ஆறு வருடமாக நாலு கட்டடம் தள்ளி. அவரிடம் நடுவில் குழல் வைத்த நுரை ரப்பர், உன் கதவுக்கு அளந்து செய்தது போல, சுருள் சுருளாகக் கிடந்தது. கேட்டதும் வெட்டிக் கொடுத்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றபோது என் முகத்தை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அறைந்தால் சுருள் விழுந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வெள்ளிக்கிழமை வேலை. பழைய ரப்பரை உரித்தேன். அடியிலிருந்த பசையை பிளேடால் சுரண்டி, பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன். ரப்பரை இழுத்து ஒட்டினால் ஒட்டும்போது அழகாக இருக்கும். பத்து நாளில் தன் அளவுக்குச் சுருங்கி மூலையில் வாயைப் பிளக்கும். ஆகவே இழுக்காமல், வளைவுகளில் கொஞ்சம் உள்ளே தள்ளித் தள்ளி ஒட்டினேன். இரண்டு முனையும் சேரும் இடத்தைக் கதவின் அடியில் வைத்தேன். ரப்பர் முழுக்க சாக்பீஸ் தடவி, கதவை மூடித் திறந்தால், எதிர்ப்பக்கம் வெள்ளைக் கோடு விடாமல் விழ வேண்டும். விட்ட இடம் ஓட்டை. எனக்குக் கோடு ஒரு இடத்திலும் விடவில்லை. நடுவில் என் முழுக்கைச் சட்டையும் பசையில் மாட்டிக் கதவோடு ஒட்டிக்கொண்டது. டீ கொண்டு வந்த தங்கச்சி பார்த்துவிட்டு, "ரப்பர் வுழுந்தாலும் நீங்க வுழமாட்டீங்கண்ணே" என்றது. நீ போனபிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் கிண்டல் அது.

கடைசி வெள்ளி, வண்டித் தரையில் துருப்பிடித்து விழுந்திருந்த நாலு ஓட்டைகளைக் கவனித்தேன். கீழேயிருந்து தண்ணீர் தெறிக்குமே என்று, ரப்பரை வட்டம் வட்டமாக வெட்டிப் பசை வைத்து அடைத்தேன். இருபத்தாறு வருட அனுபவத்தையும் அந்த நாலு ஓட்டையில் காட்டினேன்.

முடித்துவிட்டு, முதல் தடவையாக ஏறி, என் இடது சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். வெளிச்சத்தம் எல்லாம் அப்படியே அடங்கிப்போனது. உன் சீட்டில் உன் பள்ளம் இருந்தது. "மாமே, அது ஃபிரிட்ஜ் ரப்பர்" என்றேன். ஆறு வருடப் பொய்யைச் சொல்லி முடிக்க மூன்று வார்த்தை போதுமாக இருந்தது. நீ ஏதாவது நக்கலாகச் சொல்வாய் என்று என் காது அனிச்சையாகக் காத்திருந்தது. ரொம்ப நேரம் காத்திருந்தது.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை, கணுக்கால் தண்ணீரில் நடந்து உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி கொட்டகை வாசலில் குடையோடு நின்றது. நான் பந்தாவாக, "இப்ப பாரு" என்று சொல்லிக் கதவைத் திறந்தேன்.

வண்டிக்குள்ளிருந்த தண்ணீர் மொத்தமும் என் முழங்காலில் வந்து கொட்டியது.

கொட்டி முடிக்கவே நேரமாயிற்று. சீட்டு வரை நின்றிருந்தது. முன்பெல்லாம் வந்த தண்ணீர் தரை ஓட்டை வழியாகவும் கதவுச் சந்து வழியாகவும் பாதிக்குமேல் போய்விடும். இப்போது போக வழியே இல்லை. நான் வைத்த ரப்பர் ஒரு இடத்திலும் விடவில்லை.

தங்கச்சி முதலில் சிரித்தது. "நல்லா ஒட்டிக்கீறீங்கண்ணே. ஒரு சொட்டு வெளிய போவல." பிறகு குனிந்து உன் சீட்டைப் பார்த்தது. பஞ்செல்லாம் இரண்டு நாள் ஊறி உப்பி, சீட்டு புதுத் தலையணை மாதிரி மேடிட்டிருந்தது. நீ உட்கார்ந்த பள்ளம் இல்லை. தங்கச்சி கையை வைத்து அழுத்திப் பார்த்தது. கையை எடுத்ததும் மறுபடி மேடாகிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "போதும்ணே" என்றது.

காயலாங்கடைக்காரர் மறுநாள் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவர், முன் கண்ணாடிக்குக் கீழே இருந்த சல்லடைக்குள் ஒரு கம்பியை விட்டு நெம்பினார். அழுகிய பாதாம் இலை கை நிறைய வந்தது.

"அண்ணாத்தே, தண்ணி இதால வந்துகினு இருந்துக்கீது. இல அடைச்சா வெளிய போவாது, உள்ளதான் வரும். கதவுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

டீ ஆறுவதற்குள் அவர் முடித்த வேலை அது. ஆறு வருடம் நான் பொய் சொன்னதும், நீ அதை மூடி மறைத்ததும், நான் உன் பள்ளத்தை ஊறவைத்து அழித்ததும், எல்லாம் தண்ணீரே வந்திராத ஒரு கதவுக்காக. "இனிமே தண்ணி வராது, தங்கச்சி" என்றேன். தங்கச்சி வீட்டுக்குள் போய்விட்டது.

உன் ஆசையை நான் கெடுத்தேன் மாமே. ஒரே ஒரு மழைக்குக் காய்ந்த வண்டி கேட்டாய். ஒரு கம்பி போதுமாக இருந்திருக்கிறது. நானோ என் ஒரே வித்தையைக் காட்டினேன். இதற்கு ஒரு நகைச்சுவை கண்டுபிடிக்க முடியுமா என்று பல வாரமாகப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு கெட்ட பழக்கம். வானம் கறுத்தால் என் கால் தானாகக் கிளம்புகிறது. கம்பெனியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கேட் வரைக்கும் போய்விடுகிறேன். வண்டிக்குள் தண்ணீர் வருமே என்று. கேட்டில் நிற்கிறவர் "எங்க சார்?" என்று கேட்டால்தான் வண்டி இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. டீ குடிக்க என்று சொல்லித் திரும்பிவிடுகிறேன். இந்த மழைக்காலத்தில் நான் குடித்த டீ உனக்குச் சொன்னால் நம்பமாட்டாய்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போக நாலு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேரே போதுமாக இருந்தது. அவ்வளவு லேசாகப் போனது. இதை வேறு யாராவது எடுத்துப் படித்தால், நாம் ஏதோ அந்த வண்டியில் ஊர் ஊராகச் சுற்றினோம் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். அதனால் எழுதிவைக்கிறேன்: அதில் எஞ்சின் கிடையாது. நீ லாரியிலிருந்து இறக்கிய நாளிலேயே கிடையாது.